மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதி: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் எப்போது திறப்பார்கள், தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று டெல்டாவில் தினமும் பேசுகிறோம். வருகிற தண்ணீர் என்ன தரத்தில் வருகிறது என்று பார்க்கவேண்டிய வாரியத்தில் நம் ஆள் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்பவர்கள் குறைவு. உட்காரலாம் என்று 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், விவசாயிகள், மீனவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

வாரியத்தில் உள்ளாட்சிக்கு எத்தனை இடம்?

அதிகபட்சம் 5. மாநில வாரியத்தில் யார் யார் இருக்கவேண்டும் என்பதைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. தலைவர் ஒருவர். அரசின் சார்பில் அதிகாரிகள் 5 பேர் வரை. மாநிலத்தில் இயங்கும் உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களிலிருந்து 5 பேர் வரை. விவசாயம், மீன்பிடி, தொழில், வணிகம் ஆகியவற்றின் சார்பில் அதிகாரி அல்லாதவர்கள் 3 பேர் வரை. அரசு நிறுவனங்களின் சார்பில் 2 பேர். முழுநேர உறுப்பினர் செயலர் ஒருவர். எல்லாம் சேர்த்தால் 17. அதிகாரிகளுக்கு எத்தனை இடமோ அத்தனை இடம் உள்ளாட்சிக்கும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு சட்டத்தையும் இதே வாரியம்தான் பார்க்கிறது. அதனால் இங்கே உட்காருகிறவருக்கு ஆற்றைப் பற்றி மட்டுமல்ல, ஆலைப் புகையைப் பற்றியும் பேச உரிமை உண்டு.

அந்த 5 பேரை நியமித்தே ஆகவேண்டுமா?

இங்கேதான் ஓட்டை. ‘ஐந்துக்கு மேற்படாமல்’ என்பதுதான் சட்டத்தின் வாசகம். உச்சவரம்பு இருக்கிறது, குறைந்தது இத்தனை பேர் என்று கிடையாது. காலியிடம் இருக்கிறது என்பதற்காக வாரியத்தின் எந்த முடிவும் செல்லாமல் போகாது என்று 11-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஆக, உள்ளாட்சி நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் வாரியம் தன் பாட்டுக்கு நடக்கும். காலியாகக் கிடக்கிறதே என்று யாராவது கேட்டால்தான் அரசு அதை நிரப்பும் அவசியத்தை உணரும்.

யார் நியமிக்கிறார்கள்? நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்ப முடியாதா?

முடியாது. மாநில அரசுதான் நியமிக்கிறது, அரசிதழில் அறிவிக்கிறது. மாவட்டவாரி ஒதுக்கீடும் கிடையாது, ஆற்றுப்படுகைவாரி ஒதுக்கீடும் கிடையாது. 5 பேரும் ஒரே மண்டலத்திலிருந்து வந்தாலும் சட்டப்படி தப்பில்லை.

நியமனத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் பழக்கத்தை நீதிமன்றங்கள் கண்டித்திருக்கின்றன. உத்தராகண்டில் தொடங்கிப் பசுமைத் தீர்ப்பாயம் வழியாகப் போன வழக்கு ஒன்றில், 2017 செப்டம்பரில், மாநில வாரிய நியமனங்களுக்கு வழிகாட்டும் விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. நியமனம் பற்றி அரசுக்கு மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

மேயர்களுக்கு மட்டும்தானா? ஒரு சாதாரண ஊராட்சித் தலைவர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். சட்டம் கேட்பது ‘உள்ளாட்சி அமைப்பின் உறுப்பினர்’ என்ற ஒரே தகுதியைத்தான். மாநகராட்சி மாமன்ற உறுப்பினர், நகர்மன்ற உறுப்பினர், பேரூராட்சி உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர், ஒன்றியக் குழு உறுப்பினர், கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருமே இதற்குள் வருவார்கள். பட்டப்படிப்போ வேதியியலோ கேட்கவில்லை. வாரியத்துக்குப் பொறியாளர்களும் ஆய்வகங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த மடையில் எந்த மாதம் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே இல்லை.

டெல்டாவிலிருந்து ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள்? வாரியம் மாநிலம் முழுவதற்கும் பொதுதானே?

பொதுதான். ஆனால் ஆறு மேலிருந்து கீழே வருகிறது. மேட்டூரிலிருந்து கல்லணை வருவதற்குள் பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் கலந்துவிடுகின்றன. ஈரோட்டுச் சாயப்பட்டறைகளும் தோல் ஆலைகளும், திருப்பூர்ச் சாயமும், கரூர்ச் சாயமும், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் சேர்ந்து கடைசியில் நமக்குத்தான் வருகின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை நொய்யல் என்ன நிலையில் இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். பாசனத்துக்காக 1992-ல் நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. அந்த அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளே எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது.

தஞ்சாவூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்று கரூரில் இருக்கும் பட்டறைக்குள் நுழைந்து ‘குழாய் எங்கே போகிறது’ என்று கேட்க முடியாது. அதன் அதிகாரம் ஊர் எல்லையோடு முடிகிறது. மாநில வாரியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. எந்த ஆலைக்குள்ளும் போய்ப் பார்க்க 23-ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. கடைமடைக்காரருக்கு மேல்மடையில் கேள்வி கேட்கக் கிடைக்கிற ஒரே நாற்காலி அந்த வாரியத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டெல்டாவுக்குள்ளேயே இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பாசனத்தையும் வடிகாலையும் பிரிக்க முடியாது. மேலே ஒருவர் வயலில் வடிந்த தண்ணீர் கீழே இன்னொருவர் நாற்றங்காலுக்குப் பாய்கிறது. வெட்டாறு, ஓடம்போக்கி போன்ற ஆறுகள் இரண்டு வேலையையும் செய்கின்றன. நடுவில் ஒரு புழுங்கல் அரிசி ஆலை, நெல் ஊறவைத்த தண்ணீரை அப்படியே திறந்துவிட்டது என்று வையுங்கள். மஞ்சள் நிறத்தில் நுரையோடு, புளித்த வாடையோடு வாய்க்காலில் நிற்கும். குறுவைக்கு ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது, கோடை முழுக்கத் தேங்கிக் கிடந்த அத்தனையும் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து உருண்டு வந்து கடைசி ரெகுலேட்டரில் அடைக்கும். அந்த முதல் தண்ணீரைத்தான் கடைமடைக்காரர் நாற்றங்காலுக்கு வாங்குகிறார். மாடும் அதைத்தான் குடிக்கிறது. வருடாவருடம் நடக்கும் இந்த விஷயம் சென்னை கிண்டியில், வாரியத் தலைமையகத்தில் கூட்டம் போடுகிறவர்களுக்கு அறிக்கைகளில் தெரியாது. அருகில் இருந்து பார்த்தவர் வாயால்தான் தெரியவேண்டும்.

கோடையில் ஆறே காய்ந்து கிடக்கிறது. காய்ந்த ஆற்றில் கொட்டினால் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். நீர்வழி ஓடிக்கொண்டிருந்தாலும் தற்சமயம் வறண்டிருந்தாலும் அது நீரோட்டம்தான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. இயற்கையானதோ வெட்டியதோ, உள்நாட்டு நீர்நிலை எதுவும் அதில் அடங்கும். நிலத்தடி நீரும், அரசு அறிவிக்கும் எல்லைவரை கடல்நீரும்கூட. ‘ஆற்றில் தண்ணியே இல்லை, என்ன மாசு?’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் நகராட்சியே சாக்கடையை ஆற்றில் விடுகிறது. அதன் தலைவரை வாரியத்தில் உட்காரவைத்தால் என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கவேண்டும். டெல்டாவின் ஆறுகளைக் கெடுப்பதில் உள்ளூர்ச் சாக்கடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆற்றங்கரையில் வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. வீட்டுக் கழிவுநீர் தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் போகும் பாதையை யாரும் தேடவேண்டியதில்லை. பாலத்தின் மேல் நின்றாலே தெரியும்.

சட்டம் ஆலைக் கழிவு, சாக்கடை என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. சாக்கடைநீரை வெளியேற்றும் அமைப்புக்கும் 25-ஆம் பிரிவின்படி வாரியத்தின் இசைவாணை (முன் அனுமதி) வேண்டும். அதாவது நகராட்சியும் வாரியத்தின் முன் ஒரு விண்ணப்பதாரர்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் பொறுப்பு உள்ளாட்சிகளுடையது, பணமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அதற்கான வசூலுக்கு அவர்கள்தான் வழிசெய்யவேண்டும் என்று 2017 பிப்ரவரி 22 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் என் கருத்து இது: 5 இடங்களையும் பெரிய மாநகராட்சிகளுக்குக் கொடுக்கவே கூடாது. கழிவை விடும் ஊரின் பிரதிநிதியும் இருக்கட்டும், அதை வாங்கிக்கொள்ளும் ஊரின் பிரதிநிதியும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு கிராம ஊராட்சித் தலைவரும் கடலோர ஊராட்சிக்காரர் ஒருவரும் அதில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கும். தன் நகராட்சி சம்பந்தப்பட்ட கோப்பு வரும்போது அந்த உறுப்பினர் தாமாக எழுந்து வெளியே போய்விடுவது நல்லது. அவர் போகாவிட்டால் மற்றவர்கள் அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லவேண்டும்.

உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலத்தில், தனி அலுவலர் இந்த இடத்தில் உட்காரலாமா?

சட்டத்தின் சொற்படி பார்த்தால், உறுப்பினர்களிலிருந்துதான் எடுக்கவேண்டும். தனி அலுவலர் அரசு அதிகாரி. அதிகாரிகளுக்குத் தனியாக 5 இடம் இருக்கும்போது, மக்கள் பிரதிநிதிகளின் இடத்தையும் அவர்களுக்கே கொடுப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்றுதான் நான் படிக்கிறேன்.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. டெல்டாவில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். அப்படித் தேர்வான ஊரகப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் தெருவிளக்கு, குடிநீரோடு வாரியத்தில் கிராமத்துக்குரிய குரலும் சேர்ந்தே போகிறது. தேர்தலை நடத்தச் சொல்லிக் கேட்கிறவர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதவிக்காலம் எவ்வளவு?

3 ஆண்டு. அதற்குள் ஊராட்சியிலோ நகர்மன்றத்திலோ உறுப்பினர் பதவி போய்விட்டால் வாரிய இடமும் போய்விடும். தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு வராவிட்டாலும் அப்படியே. மீண்டும் நியமிக்கத் தடையில்லை.

வாரியம் 3 மாதத்துக்கு ஒரு முறையாவது கூடவேண்டும் என்பது 8-ஆம் பிரிவு. வேதாரண்யத்திலிருந்து ஒருவர் சென்னைக்குப் போவதென்றால் ஒரு ராத்திரிப் பயணம். வருடத்துக்கு நாலு தடவை போய்வரத் தெம்பும் மனசும் உள்ளவரையே பரிந்துரையுங்கள். கௌரவத்துக்காகப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது, நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட மோசம். நிரப்பப்பட்டுவிட்டது என்ற கணக்கு வேறு வந்துவிடும்.

யாரை நியமிக்கக் கூடாது?

திவாலானவர், மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் முடிவு செய்தவர், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ இதே சட்டத்தின் கீழோ தண்டனை பெற்றவர். இவை எல்லா இடத்திலும் இருப்பவைதான். டெல்டாக்காரர்கள் நினைவில் வைக்கவேண்டியது இன்னொன்று. சாக்கடைநீர், ஆலைக்கழிவு சுத்திகரிப்பு இயந்திரங்கள் செய்கிற, விற்கிற, வாடகைக்கு விடுகிற நிறுவனத்தில் நேரடியாகவோ கூட்டாளி மூலமாகவோ பங்கு வைத்திருப்பவர் உறுப்பினராக முடியாது. பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு அரசோடோ உள்ளாட்சியோடோ ஒப்பந்தம் உள்ள கம்பெனியின் இயக்குநர், மேலாளர், சம்பள அலுவலர் ஆகியோருக்கும் இடமில்லை. பரிந்துரைக்கும் முன்பே இதைச் சம்பந்தப்பட்டவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

உறுப்பினரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

தனி ஆளாக ஆலையை மூட முடியாது. ஆய்வு செய்வது, இசைவாணை கொடுப்பது, மின்சாரத்தைத் துண்டிக்கும்படி 33-அ பிரிவின் கீழ் உத்தரவிடுவது எல்லாம் வாரியம் என்ற அமைப்பின் வேலை. உறுப்பினருக்குக் கூட்டத்தில் பேசவும், கேள்வி கேட்கவும், வாக்களிக்கவும் உரிமை உண்டு. கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. கல்லணைக்குக் கீழே எத்தனை இடத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கிறீர்கள்? மேட்டூர் திறந்த முதல் வாரத்தில் எடுக்கிறீர்களா, இல்லை ஆறு நிறைந்து ஓடும் ஆகஸ்டில் மட்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே பல அறிக்கைகளின் எண்களை மாற்றிவிடும். வெள்ளத்தில் எடுத்த மாதிரியில் எதுவும் கரைந்துதான் தெரியும்.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுக்கு உயிரியல் ஆக்சிஜன் தேவை (கழிவை மட்கவைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, மிதக்கும் திடப்பொருள் 100-க்கு மேல் போகக்கூடாது, கரைந்த உப்புகள் 2,100-க்கு மேல் போகக்கூடாது என்பது வரையறை. இந்த மூன்று எண்களை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டாலே கூட்டத்தில் எந்த அட்டவணையையும் படித்துவிடலாம்.

எங்கள் ஊர்க்காரர் பெயரை அரசிடம் கொண்டுபோவது எப்படி?

இதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் சட்டத்தில் இல்லை. தீர்மானமும் மனுவும்தான் வழி. கிராம சபை குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும், நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலும் கூடுகிறது. மார்ச் 22-ஐ விட்டுவிடாதீர்கள்.

‘ஆற்று நீர் மாசுபடுவதைத் தடுக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும்’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: இன்ன தேதி காலை, இன்ன வாய்க்காலின் இன்ன மதகருகே, தண்ணீர் கருநீலமாக வந்தது, இரண்டு நாள் நீடித்தது, இந்தப் புல எண்களில் நாற்று கருகியது, மீன் செத்து மிதந்தது, படம் இணைக்கப்பட்டுள்ளது. அப்புறம் கோரிக்கை: தண்ணீர் மாசு சட்டம் 4-ஆம் பிரிவின்படி மாநில வாரியத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களை நியமிக்கும்போது காவிரி டெல்டாவின் கடைமடை ஊராட்சி உறுப்பினர் ஒருவரைச் சேர்க்கவேண்டும். ஒரே படுகையில் பத்துப் பதினைந்து ஊராட்சிகள் ஒரே மாதிரி தீர்மானம் போட்டால் அதற்குத் தனி எடை உண்டு.

நகலை மாவட்ட ஆட்சியருக்கும், சுற்றுச்சூழல் துறைச் செயலருக்கும், வாரியத்தின் உறுப்பினர் செயலருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரைப் பதில் சொல்லவைக்க முடியும்.

நாங்களே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் செல்லுமா?

புகாருக்குச் செல்லும், வழக்கில் சாட்சியமாகச் செல்லாது. 21-ஆம் பிரிவு முறை வைத்திருக்கிறது. வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கலனுக்கும் முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். ஆகவே உங்கள் பாட்டிலின் வேலை அலுவலரை அன்றைக்கே வரவழைப்பதுதான். கழிவு திறப்பது பெரும்பாலும் ராத்திரியில். விடிவதற்குள் போன் போகவேண்டும்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் இது எதற்கு?

டெல்டாவுக்காக 2020-ல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு ஆய்வு, தோல் ஆலை, உருக்காலை போன்ற சில புதிய தொழில்களைத் தடுக்கிறது. நல்ல சட்டம். ஏற்கெனவே இருப்பவற்றை அது தொடவில்லை. மேலே இருந்து வரும் சாயத்துக்கோ நம் ஊர்ச் சாக்கடைக்கோ அதில் மருந்து கிடையாது.

நியமனம் கிடைக்கவே இல்லை என்றால் வேறு வழி?

மூன்று இருக்கின்றன. விவசாயம், மீன்பிடிக்கான 3 இடங்களில் ஒன்றைக் கேட்கலாம். 9-ஆம் பிரிவின்படி வாரியம் குழுக்கள் அமைக்கலாம், உறுப்பினரல்லாதவர்களையும் அதில் சேர்க்கலாம். டெல்டாவுக்கென்று ஒரு குழு கேட்பது, என் பார்வையில், நியமனத்துக்குச் சமமான கோரிக்கை. 10-ஆம் பிரிவின்படி ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்காக வெளியாளைக் கூட்டத்துக்கு அழைக்கலாம். அவர் பேசலாம், வாக்கு இல்லை.

இவையெல்லாம் கைகொடுக்காதபோது மக்கள் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கும் என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. 1990-களில் கடலோர இறால் பண்ணைகளால் கிணறும் வயலும் உப்பாகிப்போனபோது, கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பு வந்தது. அதற்குள் எத்தனையோ கிணறுகள் குடிக்க முடியாமல் போய்விட்டன. ஆரம்பத்திலேயே கேட்க ஒரு காது இருந்திருந்தால் டெல்லி போகவேண்டியிருந்திருக்காது.

மத்திய வாரியத்திலும், கர்நாடகத்தோடும் ஏதாவது இடம் உண்டா?

மத்திய வாரியத்தில் மாநில வாரிய உறுப்பினர்களிலிருந்து 5 பேர் வரை எடுக்கலாம். அவர்களில் 2 பேர் வரை உள்ளாட்சி வழியாக வந்தவர்களாக இருக்கலாம். அண்டை மாநிலங்கள் ஒப்பந்தம் செய்து கூட்டு வாரியம் அமைக்கவும் 13-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அதிலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உள்ளாட்சி உறுப்பினர் உண்டு. காவிரிக்கு அப்படி ஒன்று அமைக்கப்படவில்லை.

இப்போது அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். நான்கு கேள்வி போதும்: 4-ஆம் பிரிவு 2-ஆம் உட்பிரிவு ‘இ’ வகையில் இன்று உள்ள உறுப்பினர்கள் யார், எந்த உள்ளாட்சியைச் சேர்ந்தவர்கள்? நியமன அறிவிப்பின் நகல். கடந்த 3 ஆண்டில் நடந்த கூட்டங்களின் தேதியும் வருகைப் பதிவும். அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள். ஆங்கிலச் சட்டநூலில் இந்த வகை மூன்றாவது எழுத்தில் இருக்கும். குழப்பம் வராமல் ‘உள்ளாட்சி உறுப்பினர்களிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள்’ என்று விரித்தே எழுதிவிடுங்கள். இடம் காலி என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தின் நகலை அடுத்த கிராம சபைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்புங்கள்.